இருண்ட முகப்படங்களில் இருந்து எதை எடுத்துக்கொள்வது?

திருகோணமலையில் படம் எடுக்கும் இளம் பிள்ளைகளின் போனில் இப்போது ஒரு வகைப் படங்கள் நிறையச் சேர்ந்திருக்கின்றன. பின்னணி முழுக்கக் கறுப்பு. முகத்தில் பாதிதான் தெரியும். கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூ இருக்கும், அல்லது தலையை ஒரு துணி மூடியிருக்கும், அல்லது ஒரே கழுத்தில் இரண்டு முகங்கள் இருக்கும். இதையெல்லாம் பார்த்துவிட்டு, நாமும் இப்படி ஒரு கண்காட்சி வைத்தால் என்ன என்று ஊரில் சிலர் யோசிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல யோசனை. கோணேசர் கோயில், கோட்டை மான்கள், நிலாவெளிக் கடல் என்று இந்த ஊரின் படங்கள் நெடுங்காலமாக ஒரே வட்டத்துக்குள் சுற்றுகின்றன. யாராவது முகங்களின் பக்கம் திரும்பினால் சந்தோஷம்தான்.

ஆனால் ஒரு கவலை இருக்கிறது. அந்தப் படங்களில் இருந்து முதலில் எடுத்துக்கொள்ளப்படுவது அவற்றின் தோற்றம். கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை, வாயோரம் செயற்கை இரத்தம், கொஞ்சம் புகை. இதற்கு ஒரு கண்காட்சி தேவையில்லை. அவற்றில் இருந்து எடுக்க வேண்டியது செய்முறையை: வெளிச்சத்தை எப்படி மறித்தார்கள், நேரத்தை எப்படி நீட்டினார்கள், முகத்தை எதனால் மூடினார்கள் என்பதை. காரணத்தை மட்டும் வெளியில் தேட வேண்டாம். இருட்டில் ஒரு முகத்தை வைப்பதற்கான காரணம் இந்த ஊரில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

இந்த வகைப் படங்களின் வேரைத் தேடிப் போனால் துக்கத்தில்தான் போய் நிற்போம். 1860களில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் வில்லியம் மம்லர் என்றொருவர் ‘ஆவிப் படம்’ எடுத்துக் கொடுத்தார். படத்துக்கு இருப்பவரின் தோளுக்குப் பின்னால் இறந்துபோன உறவினர் மங்கலாக நிற்பார். உள்நாட்டுப் போரில் மகனையும் கணவனையும் இழந்தவர்கள் தேடி வந்தார்கள். ஏற்கெனவே ஓர் உருவம் பதிந்த கண்ணாடித் தகட்டில் இன்னோர் உருவத்தைப் பதித்தால் இப்படி ஒரு படம் கிடைக்கும் என்பது அன்றைய படப்பிடிப்பாளர்களுக்குத் தெரிந்த விஷயம். 1869இல் நியூயோர்க்கில் அவர்மேல் மோசடி வழக்கு நடந்தது, போதிய சாட்சியம் இல்லாமல் விடுவிக்கப்பட்டார். அதற்குப் பிறகும் ஆபிரகாம் லிங்கனின் மனைவி அவரிடம் போய்ப் படம் எடுத்துக்கொண்டார். கறுப்பு உடையில் அமர்ந்திருக்கும் அவரின் தோள்களில் கணவரின் கைகள் புகைபோலப் படிந்திருக்கும் அந்தப் படம் இன்றும் கிடைக்கிறது. மம்லர் செய்தது ஏமாற்று. ஆனால் அந்தப் படத்தை விரும்பி வந்த மனிதர்களின் தேவை உண்மையானது. இருண்ட, நிஜத்துக்கு அப்பாற்பட்ட முகப்படம் என்று இன்று நாம் சொல்வதில் பாதி அந்தத் தேவையில் இருந்து வந்தது.

சரி, இதே தேவையை நம் ஊர் ஸ்டூடியோக்கள் எப்படித் தீர்த்தன? பல வீடுகளின் முன் அறையில் ஒரு படம் தொங்கும். கணவரின் பழைய அடையாள அட்டைப் படத்தையும் மனைவியின் இப்போதைய படத்தையும் ஒட்டி, தம்பதியாக நிற்க வைத்திருப்பார்கள். கிட்டப் போய்ப் பாருங்கள். அவருக்கு இருபத்தைந்து வயது, அவருக்குப் பக்கத்தில் நிற்கும் மனைவிக்கு அறுபது. அவர் முகத்தில் வெளிச்சம் இடப்பக்கம் இருந்து விழும், அம்மாவின் முகத்தில் வலப்பக்கம் இருந்து. சட்டைக் கழுத்தில் வெட்டிய கோடு தெரியும். கோட்டும் டையும் கணினியில் போட்டவை, அவர் வாழ்நாளில் அணியாதவை. பின்னால் எந்த ஊரிலும் இல்லாத ஒரு நீல வானம். இது ஒட்டிய படம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் ஏமாறவில்லை. அதற்குத்தான் விளக்கு ஏற்றுகிறார்கள். இந்தக் கண்காட்சியை யாராவது என்னைத் தொடங்கச் சொன்னால் இந்த வகைப் படத்தில் இருந்துதான் தொடங்குவேன்.

இன்னொன்றும் நம்மிடம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போன பிறகு, சேற்றில் இருந்து எடுத்துக் காய வைத்த அல்பங்கள். வண்ணப் படத்தாளில் சாயங்கள் ஜெலட்டின் அடுக்குகளில் இருக்கும். மேலே நீலப்பச்சை, நடுவில் செங்கருநீலம், அடியில் மஞ்சள். தண்ணீரில் ஊறும்போது மேல் அடுக்குத்தான் முதலில் கரையும். அதனால்தான் வெள்ளத்தில் கிடந்த படங்களில் முகங்கள் சிவந்து, பிறகு மஞ்சளாகி, கடைசியில் வெறும் வெள்ளைத் தாளாக முடிகின்றன. கல்யாணக் கூட்டத்தில் நடுவில் நிற்பவருக்கு உடம்பு இருக்கும், தலை இருக்காது. இதை எந்தக் கலைஞரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனால் இரசாயனத்தைக் கொண்டு முகத்தை மாற்றுவது என்ற யோசனை கலையில் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள இது நல்ல வாசல்.

1924இல் பாரிசில் அந்த்ரே பிரெத்தோன் சர்ரியலிச அறிக்கையை வெளியிட்டார். கனவுக்கும் விழிப்புக்கும் இடையில் உள்ள வேலியை எடுப்பது அவர்களின் குறிக்கோள். அந்த வட்டத்தில் படம் எடுத்தவர் மான் ரே. 1929 அளவில் அவருடன் வேலை செய்த லீ மில்லர் ஒருநாள் இருட்டறையில் காலில் ஏதோ ஓடியதில் பயந்து லைட்டைப் போட்டுவிட்டார். கழுவிக்கொண்டிருந்த நெகட்டிவில் வெளிச்சம் பட்டு, கறுப்பாக வர வேண்டிய சில இடங்கள் வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் புரண்டன, முகத்தின் ஓரத்தில் பென்சிலால் வரைந்ததுபோல ஒரு கோடு விழுந்தது. மில்லர் பின்னாளில் சொன்ன கதை இது. இந்த விளைவு அதற்கு முன்பும் தெரிந்ததுதான், ஆனால் அதைக் கெட்டுப்போன நெகட்டிவ் என்று எறியாமல் முகப்படத்துக்கான முறையாக ஆக்கியவர்கள் அந்த இருவரும்.

அதே முறையைக் கொழும்பில் இருந்து செய்தவர் லயனல் வென்ட். 1900இல் பிறந்தார், இலண்டனில் சட்டமும் பியானோவும் படித்தார், திரும்பி வந்து 1930களில் கமராவில் இறங்கினார். அப்படிக் கறுப்பு வெள்ளையைப் புரட்டிய முகங்கள், பல நெகட்டிவ்களை ஒன்றாக்கிய படங்கள், கமராவே இல்லாமல் தாளில் பொருட்களை வைத்துப் பதித்த படங்கள் எல்லாம் செய்தார். 1943இல் ஓவியர்களைச் சேர்த்து ‘43 குழு’ உருவாகக் காரணமாக இருந்து, அடுத்த ஆண்டே இறந்துபோனார். அவரது நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன, அச்சுப் பிரதிகள்தான் மிஞ்சின. இந்த வகைப் படங்களுக்கு முன்னோடி தேடும் பிள்ளைகள் வெளிநாட்டுப் பெயர்களைச் சொல்கிறார்கள். கொழும்பில் அவர் பெயரில் உள்ள அரங்கில் நாடகம் பார்த்தவர்களுக்குக்கூட அவர் இப்படிப்பட்ட படங்கள் எடுத்தவர் என்று தெரிவதில்லை. வருத்தமாக இருக்கிறது.

அவருக்கும் முன்னால் ஒருவர். கல்கத்தாவில் 1815இல் பிறந்த ஜூலியா மார்கரெட் கமரனுக்கு 48 வயதில் மகளும் மருமகனும் ஒரு கமரா பரிசாகக் கொடுத்தார்கள். பதினைந்து வருடத்துக்குள் முகப்படத்தின் போக்கையே மாற்றிவிட்டார். இரசாயனம் பூசிய கண்ணாடித் தகடு காயும் முன்பே படம் எடுத்த காலம் அது. ஒரு படத்துக்குப் பல விநாடிகள் அசையாமல் இருக்க வேண்டும், கமரனிடம் சில நிமிடங்கள்கூட. அன்றைய ஸ்டூடியோக்கள் தலையை இரும்புக் கவையில் பிடித்து வைத்து முழு உருவத்தையும் கூர்மையாக எடுத்தன. கமரன் அந்த மெல்லிய அசைவைப் படத்தில் விட்டுவைத்தார். வானியலாளர் ஜோன் ஹெர்ஷலை 1867இல் எடுத்தபோது உடம்பைக் கறுந்துணியால் போர்த்தி, மேலிருந்து ஒரு வெளிச்சத்தை மட்டும் விட்டார். கறுப்புக்குள் இருந்து ஒரு வெண்தலையும் ஈரமான இரு கண்களும் வெளியே வரும். இன்று பிள்ளைகள் போனில் சேர்க்கும் இருண்ட படங்களின் இலக்கணம் முழுவதும் அதில் இருக்கிறது.

கமரன் 1875இல் இலங்கைக்கு வந்தார், 1879 ஜனவரியில் இங்கேயே இறந்தார், பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கமாகியிருக்கிறார். இங்கே எடுத்த படங்களில் மிகச் சிலவே மிஞ்சியுள்ளன. அவற்றில் ஒரு வித்தியாசம் என் கண்ணில் குத்துகிறது. இங்கிலாந்தில் எடுத்த அறிஞர்களுக்குப் பெயர் இருக்கிறது. இங்கே எடுத்தவர்கள் ‘களுத்துறைக் குடியானவர்கள்’ என்பதுபோல ஒரு கூட்டமாக மட்டும் எழுதப்பட்டிருக்கிறார்கள். நம் கண்காட்சியில் படத்துக்கு இருந்தவர் விரும்பினால் அவர் பெயர் சுவரில் இருக்க வேண்டும். கலைஞரின் பெயர் இருக்கும் அளவிலேயே இருக்க வேண்டும்.

இன்றைய படங்களுக்குக் கிட்டிய இருவரைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கென்டக்கியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த ரால்ப் யூஜின் மீட்யார்ட், ஓய்வு நாட்களில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாழடைந்த வீடுகளுக்குப் போய்ப் படம் எடுப்பார். கடையில் வாங்கிய மலிவான முகமூடிதான் அவரது கருவி. 1972இல் இறப்பதற்கு முன் எடுத்த கடைசித் தொடரில் எல்லோரும் சாதாரணக் குடும்பப் படத்துக்கு நிற்பதுபோல வீட்டு முற்றத்தில் நிற்கிறார்கள். அவர் மனைவி அநேகமாக எல்லாப் படத்திலும் ஒரே கிழவி முகமூடியில், பக்கத்தில் நிற்பவர்கள் இன்னொரு முகமூடியில். புகை இல்லை, இரத்தம் இல்லை, நல்ல பகல் வெளிச்சம். ஆனாலும் பார்த்தால் உடம்பு சிலிர்க்கும். முகம் மறைந்தவுடன் கை, தோள், நிற்கும் விதம் எல்லாம் பேசத் தொடங்குவதுதான் காரணம்.

பிரான்செஸ்கா வுட்மன் 22 வயதில், 1981இல் இறந்தவர். மாணவியாக இருந்தபோது கைவிடப்பட்ட ஒரு வீட்டில் தன்னையே எடுத்தார். ஒரு படத்தில் யன்னலுக்குக் கீழே சுவரோடு சுருண்டிருக்கிறார். தரையெல்லாம் உரிந்த சுண்ணாம்பு. வீடு கூர்மையாக இருக்கிறது, ஆள் மட்டும் கலங்கி இருக்கிறார். ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் அவர் அசைந்திருக்கிறார், அவ்வளவுதான். சுவர் நிலைத்திருக்க மனிதர் கரைந்துபோவதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. போரிலும் கடலிலும் கூரை போய், பிறகு யாரும் திரும்பி வராத வீடுகள் நம் மாவட்டத்திலும் இருக்கின்றன. அங்கே போவதற்கு முன் காணிச் சொந்தக்காரரைக் கேட்க வேண்டும். அந்த வீடு இன்னும் யாரோ ஒருவருடைய வீடுதான்.

இனிச் செய்முறை. இதற்குப் பெரிய லைட் வேண்டாம். பழைய பலகை யன்னல் உள்ள ஓர் அறை போதும். டச்சுக் குடாப் பக்கம் பார்த்த யன்னலில் காலையில் வெயில் நேரே அடிக்கும், துறைமுகப் பக்கம் பார்த்ததில் மாலையில் அடிக்கும். இரண்டிலும் வெயில் விலகிய நேரம்தான் நமக்கு வேண்டியது. யன்னலை ஒரு கை அகலத்துக்கு மட்டும் திறந்து, ஆளை அதற்கு இரண்டடியில் இருத்துங்கள். கறுப்புத் துணியை யன்னலில் இருந்து எட்டடி தள்ளித் தொங்கவிடுங்கள். தூரம் நான்கு மடங்கானால் வெளிச்சம் பதினாறில் ஒரு பங்காகும் என்பது பௌதிகம். யன்னல் ஒரு புள்ளி இல்லை என்பதால் கணக்கு அப்படியே ஒத்துவராது, ஆனாலும் துணி கறுப்புக்குள் போய்விடும். பலர் துணியை முதுகோடு ஒட்டிக் கட்டிவிட்டு, மடிப்பெல்லாம் தெரிகிறதே என்று கணினியில் அழிக்கிறார்கள். துணியைத் தள்ளிக் கட்டினால் அந்த வேலையே இல்லை.

அப்புறம் கமராவின் குணம் ஒன்று. அது காணும் எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். கறுப்பு அதிகமாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை என்று எண்ணி ஏற்றிவிடும். முகம் வெளிறிப்போகும், கறுப்பு சாம்பலாகிப் புள்ளி புள்ளியாகும். ஒளி ஈட்டை, அதாவது கமரா வாங்கும் வெளிச்சத்தின் அளவை, ஒன்று அல்லது இரண்டு படி குறைக்க வேண்டும். போன் என்றால் இரவு முறையை நிறுத்திவிட்டு, முகத்தில் விரலை வைத்து வெளிச்சத்தைக் கீழே இறக்க வேண்டும்.

இந்த ஊருக்கென்றே ஒரு பயிற்சி சொல்கிறேன். கோணேசர் மலைக்குப் போகிறவர்கள் இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவைப் பார்க்காமல் வருவதில்லை. தன் தலை ஒன்றை அறுத்து, நரம்பை எடுத்து வீணை கட்டிப் பாடியவன் என்று அவனைப் பற்றிச் சொல்லும் கதையைவிட இருண்ட முகப்படம் வேறு ஏது? அதைக் கமராவில் செய்யலாம். முழு இருட்டறையில் கமராவை முக்காலியில் வைத்து ஷட்டரை முப்பது விநாடி திறந்து விடுங்கள். அமர்ந்திருப்பவர் தலையை ஒரு பக்கம் திருப்பியதும் டோர்ச்சை முகத்தில் ஒரு கணம் அடித்து அணையுங்கள். அவர் தலையை இன்னும் கொஞ்சம் திருப்பட்டும், மறுபடி அடியுங்கள். கறுப்பு எதையும் பதியாது, ஆகவே ஒவ்வொரு முகமும் முந்தியதன்மேல் கொஞ்சம் படிந்தபடி பக்கத்தில் வந்து உட்காரும். உடம்பு ஒன்று, தலை ஐந்தோ ஆறோ. அலங்காரம் எதுவும் தேவையில்லை.

தமிழில் இது புதிதும் இல்லை. காரைக்கால் அம்மையார் தன் பேயுருவைத் தானே பாடியிருக்கிறார். வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த வயிறு, வெளியே நீண்ட பல். அழகைக் கழற்றி எறிந்த பெண் ஒருத்தி தன்னைத் தானே எடுத்த படம்போல அது இருக்கிறது. சோழர் கால வெண்கலச் சிற்பிகள் அந்த உடம்பைக் கையில் தாளத்தோடு உட்கார வைத்தார்கள். முகத்தில் ஒரு சிரிப்பும் வைத்தார்கள். பயமுறுத்துவது அவர்களின் நோக்கமாக இருக்கவில்லை. கண்காட்சிக்கு முன் பிள்ளைகள் அந்தச் சிலைகளின் படங்களைப் பார்த்தால், விலா எலும்பில் ஒளி எப்படி விழுகிறது என்பதில் இருந்தே ஒரு பாடம் படிக்கலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, மிகக் கவனமாகச் சொல்ல வேண்டிய ஒன்று. இந்த ஊரில் முகப்படம் வெறும் கலைப்பொருள் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017இல் இருந்து வடக்கிலும் கிழக்கிலும் வீதியோரம் அமர்ந்தபோது அவர்கள் நெஞ்சோடு பிடித்திருந்தது முகப்படங்களைத்தான். பாடசாலைப் படம், அடையாள அட்டைப் படம், கல்யாணப் படத்தில் இருந்து வெட்டிப் பெரிதாக்கிய முகம். அந்தப் படங்களில் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும், அதுதான் அவற்றின் வேலை. கண்ட யாராவது சொல்ல வேண்டும் என்பதற்காகத் தூக்கிப் பிடித்த படங்கள் அவை. முகத்தை வேண்டுமென்றே மறைக்கும் படம் ஒன்றை அதே ஊரின் சுவரில் மாட்டும்போது, அந்தத் தாய்மாரில் ஒருவர் வந்து நிற்பார் என்று நினைத்துத்தான் மாட்ட வேண்டும். மறைத்ததற்கு நம்மிடம் பதில் இருக்க வேண்டும். “பார்க்க நன்றாக இருந்தது” என்பது பதிலாகாது.

அதனால் சிலவற்றை நான் வேண்டாம் என்றே சொல்வேன். கண்ணைக் கட்டிய முகம், தலையில் சாக்கு, கழுத்தில் கயிறு. மேற்கில் ஒரு படப்பிடிப்பாளருக்கு இவை குறியீடாக இருக்கலாம், நம் ஊரில் இவை நடந்தவை. ஜோயல் பீட்டர் விட்கின் போன்றவர்கள் பிணங்களையும் உடலின் பாகங்களையும் வைத்துப் படம் செய்தார்கள். அதை ஊக்கமாக எடுத்துக்கொள்ளும் தேவை நமக்கு இல்லை. செத்த வீட்டில் பெட்டியைச் சுற்றி நின்று குடும்பமாகப் படம் எடுத்த பழக்கம் நம்மிடமே இருந்தது, அந்தப் படங்களில் அன்பு இருக்கிறது. அவற்றையும் குடும்பத்தார் தாமாகக் கொடுத்தால் மட்டும் தொடலாம். ஒட்டிய தம்பதிப் படத்தையும் அப்படித்தான். வீட்டுச் சுவரில் இருந்து கழற்றித் தரும்படி கேட்காமல், அங்கேயே போய்ப் பிரதி எடுத்துக்கொள்வது மரியாதை. புதிதாக எடுக்கும் முகங்களையும், அச்சான பிறகு, மாட்டுவதற்கு முன், உரியவருக்குக் காட்ட வேண்டும். போனில் பார்த்துச் சரி என்றவர், மூன்றடி உயரத்தில் தன் முகத்தைப் பார்த்துத் தயங்கலாம். தயங்கினால் அந்தப் படம் சுவருக்கு வேண்டாம்.

கடைசியாக அச்சும் மாட்டுவதும். போன் திரை பின்னால் இருந்து ஒளிர்கிறது, தாள் தன்மேல் விழும் ஒளியைத்தான் திருப்பித் தரும். திரையில் அழகாகத் தெரிந்த இருட்டு, தாளில் சேறாகிவிடும். ஒரு படத்தைச் சிறிய துண்டுகளாக மூன்று நான்கு வெளிச்சத்தில் அச்சிட்டு, மாட்டப்போகும் மண்டபத்திலேயே வைத்துப் பார்த்து ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். பளபளப்புத் தாள் வேண்டாம், அதன் கறுப்பில் மண்டபத்து லைட் எல்லாம் பிரதிபலிக்கும், மங்கல் தாளில் அந்தத் தொல்லை குறைவு. நம் மண்டபங்களில் கூரையில் டியூப் லைட் வரிசையாக இருக்கும். அதை அணைத்துவிட்டு, ஒவ்வொரு படத்துக்கும் மேலிருந்து சாய்வாக ஒரு சிறிய மஞ்சள் லைட் போட்டால் போதும். வாடைக் காலத்து ஈரத்தில் தாள் நெளியும், பூஞ்சணம் பிடிக்கும், ஆகவே ஐப்பசிக்கு முன்னரே வைத்து முடிப்பது நல்லது.

கண்ணாடிதான் பெரிய சிக்கல். இருண்ட படத்துக்கு முன்னால் கண்ணாடி போட்டால், பார்ப்பவருக்குப் படத்தைவிடத் தன் முகம்தான் தெளிவாகத் தெரியும். பெரும்பாலான படங்களுக்கு இது கேடு, பலகையில் ஒட்டிக் கண்ணாடி இல்லாமல் மாட்டுவதே சரி. ஆனால் முகத்தை முற்றாக மறைத்த ஒன்றிரண்டு படங்களுக்கு வேண்டுமென்றே கண்ணாடி போடலாம். மறைந்த முகம் இருக்கும் இடத்தில் பார்ப்பவரின் முகம் வந்து பொருந்தும். எந்தப் படத்துக்குப் பொருந்தும் என்பது ஆளின் உயரத்தையும் லைட்டின் சாய்வையும் பொறுத்தது, வீட்டில் இருந்து கணக்குப் போட முடியாது. மண்டபத்தை ஒரு நாள் முன்னதாகவே கேட்டு வாங்கி, குட்டையானவர் ஒருவரையும் உயரமானவர் ஒருவரையும் படத்தின் முன்னால் நிறுத்திப் பார்த்துத்தான் ஆணி அடிக்க வேண்டும்.